நிகத் எழுதிய மதகுக் கூட்டம்

ஆட்டையாம்பட்டி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. என் பெயர் வெள்ளியங்கிரி. நான் சொல்லப்போவது என்னைப் பற்றி அல்ல. மனு அடித்துக் கொடுக்கும் வேலைக்கு என் கடைக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்து ஒரு ராஜாவின் கதையை எழுதி முடித்த நிகத்தைப் பற்றி.

அவள் வந்தது ஒரு பிப்ரவரி மாதம். எனக்கு அப்போதுதான் வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். ‘தட்டசு செய்ய ஆள் தேவை’ என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். கறுப்புத் துப்பட்டா போட்ட, முப்பத்து நான்கு வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தாள்.

“அண்ணா, தட்டச்சுல ஒரு ‘ச்’ விட்டுப்போச்சு.”

“நீ டைப் அடிப்பியா, அம்மணி?”

“போன்ல வேகமா அடிப்பேன். கீபோர்டு ஒரு வாரத்துல பழகிக்குவேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என்னைத் துண்டுக் கம்பெனியில இருந்து வேலையை விட்டு எடுத்துட்டாங்க. எங்கயும் சேர்த்துக்க வேண்டாம்னு சுத்துவட்டாரக் கம்பெனிக்கெல்லாம் எங்க பேரைக் குடுத்திருக்காங்க. அப்பறம் தெரிஞ்சு நீங்க சங்கடப்படக் கூடாது.”

“எனக்கு யாரும் பட்டியல் அனுப்பலியே” என்றேன். அன்றைக்கே சேர்த்துக்கொண்டேன்.

நிகத் சேலம் அம்மாபேட்டையில் பிறந்தவள். அவள் அத்தா பரக்கத் அலி பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வந்த வார இதழ்களைப் படித்துத்தான் அவள் வளர்ந்தாள். தொடர்கதைகளில் பதினாலாவது வாரம் இருக்கும், பதினைந்து, பதினாறு இருக்காது, பதினேழு இருக்கும். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று தங்கை கேட்பாள். நிகத் யோசித்துச் சொல்லுவாள். பல நேரம் அவள் சொன்னதே நன்றாயிருந்தது என்று தங்கை இன்றைக்கும் சொல்கிறாள். பத்தாவது முடித்தாள், பத்தொன்பது வயதில் இஜாஸுக்கு மனைவியாகி எங்கள் ஊருக்கு வந்தாள். இஜாஸ் லாரி டிரைவர். நாக்பூர், ராய்ப்பூர் என்று போனால் இருபது நாள் கழித்துத்தான் வருவார். மகள் ஷாஹீன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நிகத் துண்டுக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தாள். கம்பெனி பெயர் வேண்டாம். நெய்து வரும் துண்டுகளில் இழை விட்டிருக்கிறதா என்று பார்த்து, மடித்து, கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். நூற்று நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு கதவு. முன்கதவு வழியாக எல்லோரும் வருவார்கள், போவார்கள். பின்கதவு எப்போதும் பூட்டியிருக்கும். துண்டு வெளியே போய்விடக் கூடாது என்பது முதலாளியின் பயம். சாவி வாட்ச்மேனிடம். ஒருநாள் காலை மோட்டார் பக்கத்தில் சேர்ந்திருந்த பஞ்சுத் தூசியில் தீப்பொறி விழுந்தது. நிமிஷத்தில் உள்ளே புகை. முன்கதவில் நூற்று நாற்பது பேரும் ஒரே நேரத்தில் முட்டினார்கள். பின்கதவை இடித்தவர்களுக்கு யாரும் திறந்துவிடவில்லை. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். நல்லவேளை, தீ தானே அடங்கியது. மாரி என்ற பெண்ணின் கை வெந்ததோடு போயிற்று. மறுநாள் முதலாளி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார், கோயிலில் அன்னதானம் போட்டார். பின்கதவு மட்டும் பூட்டியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு பெண்கள் ரகசியமாக வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். யார் கண்ணிலும் படாமல் இருக்க ‘கீரை வியாபாரம்’ என்று பெயர் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு கீரைப் பெயர். பாப்பாயி முருங்கை. மயிலம்மாள் பசலை. தனப்பிரியா அகத்தி. சௌந்திரம் தண்டுக்கீரை. நிகத் புளிச்சகீரை. “இன்னிக்குக் கீரை வாடிருச்சு” என்றால் பின்கதவு பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதிகாரிகளுக்கு அனுப்ப மனு ஒன்று தயார் செய்தார்கள். அதை எழுதியது நிகத்.

மனு போவதற்கு முன்னாலேயே விஷயம் வெளியே போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் கையில் தாளோடு கேட்டில் நின்றார். வேலைக்கு வந்த எல்லாரையும் வெளியிலேயே நிறுத்தி வைத்துச் சத்தமாகப் படித்தார். “முருங்கை, பாப்பாயி. இந்தப் பக்கம் நில்லு. புளிச்சகீரை, நிகத். இந்தப் பக்கம் நில்லு.” ஒவ்வொரு பெயருக்கும் சூபர்வைசர்கள் சிரித்தார்கள். ஒன்பது பெயர் வாசித்ததும் தாளை மடித்தார். ஒன்பது பேரின் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு அப்படியே அனுப்பிவிட்டார்கள்.

“வேலை போனது கூட சரிண்ணா. அத்தனை பேருக்கு முன்னாடி எங்களைக் கட்டுக் கட்டா கீரை மாதிரி எடுத்து வெச்சாங்க பாருங்க” என்று நிகத் ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசமாட்டாள். பட்டியலில் வராத மூன்று பேர் மயிலம்மாள், தனப்பிரியா, சௌந்திரம். மூவரில் ஒருத்திதான் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒன்பது பேரும் நம்பினார்கள். சின்ன வயசு, மேனேஜரோடு சிரித்துப் பேசுவாள் என்பதால் நிகத் தனப்பிரியாவைச் சந்தேகப்பட்டாள். கடைத்தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை என் கடையில் ஈ ஓட்டுவோம். அந்த நேரத்தில் அவள் எதையோ விடாமல் அடித்துக்கொண்டிருப்பதை ஒருநாள் கவனித்தேன். கூச்சப்பட்டுக்கொண்டே காட்டினாள். கதை எழுதுகிற செயலி ஒன்றில் வாரம் ஒரு அத்தியாயம் போட்டுவந்திருக்கிறாள். ‘மதகுக் கூட்டம்’ என்று பெயர்.

கதை நடப்பது மேழிநாடு என்ற, எந்த வரைபடத்திலும் இல்லாத நாட்டில். ராஜா ஆதிமல்லன். நாட்டில் ஏழு ஏரி. ஏழு ஏரியின் மதகையும் ராஜா உத்தரவில்லாமல் யாரும் தொடக் கூடாது. மழை பொய்த்த வருஷங்களில் மேட்டு நிலத்தில் ராஜாவின் கரும்பு விளையும், கீழே கடைமடை ஊர்களில் கிணறு வற்றும். அந்த ஊர்களைச் சேர்ந்த வண்ணாத்தி, வண்டிக்காரன், பறை அடிப்பவன் என்று கொஞ்சம் பேர் சத்தியம் செய்து ஒரு கூட்டமாகச் சேர்கிறார்கள். காவல் மாறுகிற நேரம் பார்த்து மதகுப் பலகையை ஒரு சாண் தூக்கிவிடுவார்கள், விடிவதற்குள் இறக்கிவிடுவார்கள். ராஜாவுக்கு விஷயம் எட்டுகிறது. கூட்டத்தை வேரோடு அழிக்கச் சொல்கிறான். மதகுக் கயிறு இழுத்தவன் உள்ளங்கையில் தழும்பு இருக்கும் என்று மந்திரி யோசனை சொல்ல, கோட்டை வாசலில் வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் விரித்துப் பார்க்கிறார்கள். ஆனால் மேழிநாட்டில் கிணற்றில் நீர் இறைக்காதவர் யார்? எல்லார் கையிலும் கயிற்றுத் தழும்பு இருக்கிறது. சிறை நிரம்பி வழிகிறது. கூட்டத்தார் யார் என்று ராஜாவுக்குப் புரியவே இல்லை.

நான் ஒரே மூச்சில் பத்தொன்பது அத்தியாயம் படித்தேன். ஆபரேஷன் செய்த கண் சிவந்துபோயிற்று.

“அம்மணி, ராசாவை இவ்வளவு கெட்டவனாக் காட்டோணுமா?”

“கெட்டவன் இல்லைண்ணா. பயந்தவன். சின்னப் பிள்ளையில அவன் தம்பி மதகு உடைஞ்ச வெள்ளத்துல போயிருவான். அடுத்த வாரம் வரும் பாருங்க.”

அதிலிருந்து நான்தான் முதல் வாசகன். பிழை திருத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்வேன். இஜாஸ் ராய்ப்பூர் சாலையில் லாரி ஓட்டிக்கொண்டே கேட்பதற்காக அவள் ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்துப் பதிவு செய்து அனுப்புவாள். வரிசையில் லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற டிரைவர்களும் கூடிக் கேட்பார்களாம். ஒரு வருஷத்தில் பதினோராயிரம் பேர் அந்தக் கதையைப் பின்தொடர்ந்தார்கள். துண்டுக் கம்பெனியிலும் அது ஒவ்வொரு போனாகப் பரவியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது.

நாற்பத்தோராம் அத்தியாயத்தில் காட்டிக்கொடுக்கிறவள் வந்தாள். செம்பி. அரண்மனைக்குத் தண்ணீர் சுமப்பவள், கூட்டத்திலும் ஒருத்தி. முத்துமாலைக்கு ஆசைப்பட்டு ஒவ்வொருவராக அடையாளம் காட்டுகிறாள். நிகத் அதை எழுதியபோது விசைகளைக் குத்திய வேகத்தில் நானே வெளியே போய் நின்றுகொண்டேன். வாசகர்கள் கொதித்துப்போனார்கள். செம்பியைக் கல்லைக் கட்டி ஏரியில் போடுங்கள், யானைக் காலில் போடுங்கள் என்று முந்நூற்றுக்கு மேல் கருத்து வந்தது.

மறுநாள் அவற்றுக்கு நடுவே ஒன்று கிடந்தது. ‘செம்பி மாலைக்கு ஆசைப்படலீங்க. பயந்துட்டா. அவ்வளவுதானுங்க.’ எழுதியவர் பெயர், தண்டுக்கீரை.

நிகத் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அதற்குக் கீழே, ‘செம்பி எத்தனை பேரைச் சொன்னாள்?’ என்று எழுதினாள்.

பதில் வர ஒரு மணி நேரம் ஆனது. ‘ஒன்பது. மாசமா இருந்தவளையும் புருசன் இல்லாதவளையும் சொல்லலீங்க.’

கேட்டில் பெயர் படித்தபோது தனப்பிரியாவுக்கு ஐந்து மாதம். மயிலம்மாள் கணவனை இழந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சௌந்திரம் கடைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வேர்வை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“நிகத்து, நீ என்னை அடிச்சாலும் சரி சாமி. சொல்லிப்போட்டுப் போயர்றேன்.”

நிகத் தலையை நிமிர்த்தவில்லை. “சொல்லுங்கக்கா.”

“மேனேஜரு எம்பட போனைப் பார்த்துட்டாருங்க... கீரை வியாபாரம்னு இருக்குது, எங்கூட்டுக்கு ரெண்டு கட்டு முருங்கை கொண்டாரச் சொல்லுன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அந்நேரத்துக்குன்னு ஒரு மெசேசு வந்து உழுந்துச்சு. ‘மனு ரெடி. கதவு விசயத்தை மொதல்ல போட்டிருக்கேன்’னு.”

அதை அனுப்பியது யார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. நிகத்தின் முகம் வெளுத்துவிட்டது.

“ரூமுக்குள்ள உக்கார வெச்சுக் கேட்டாங்க. எந்தக் கீரை யாரு, எந்தக் கீரை யாருன்னு. போலீசுன்னாங்க. எனக்கு வாய் கோணிப்போச்சு. ஒம்போது பேரைச் சொல்லிப்போட்டேன். இன்னம் ரெண்டு பேரு யாருன்னு தெரியாதுன்னுட்டேன். எம்பேரை அவங்களே உட்டுட்டாங்க. அன்னிக்குக் கேட்டுல உம்பேரைப் படிக்கறப்ப நானும் அங்கதான் நின்னுட்டு இருந்தேன்.”

நிகத் எழுந்து பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சௌந்திரத்தின் முன்னால் நின்றாள்.

“ஒரு வருஷமா தனப்பிரியாவை மனசுல திட்டிட்டு இருந்தேன்க்கா. அதை நான் எங்க கொண்டு போய்க் கழுவுவேன்?” என்றவள், “கதவு இப்பத் தொறந்திருக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல சாமி. பூட்டித்தான் கெடக்குது.”

அவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் நான் சொன்னால் பொய். சௌந்திரம் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். நிகத் தனப்பிரியாவுக்குப் போன் போட்டாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள், அப்புறம் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அந்தப் பக்கம் தனப்பிரியா, “அதுக்குத்தான் என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பினீங்களாக்கா? எங்கிட்ட ஏதோ நாத்தம் அடிக்குதுன்னு நெனச்சேன்” என்றதும் இருவரும் சிரித்தார்கள்.

அந்த வாரம் நிகத் அத்தியாயம் போடவில்லை. அடுத்த வாரம் போட்டாள். யானையும் வரவில்லை, ஏரியும் வரவில்லை. பட்டப்பகலில், ராஜா வழக்கு விசாரிக்கிற சபைக்குச் செம்பி நடந்து போகிறாள். “நானும் கயிறு இழுத்தவள்” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சும்மா நிற்கிறது. பிறகு ஒரு கை, நாலு கை, நூறு கை என்று விரிகிறது. யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் காவலாளிகள் ராஜாவைப் பார்க்கிறார்கள். பாதி வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள். துரோகிக்கு இவ்வளவு மரியாதையா என்றார்கள். எனக்கே முதலில் ஒப்பவில்லை. நிகத் மாற்றவில்லை.

ஆகஸ்டில் துண்டுக் கம்பெனிக்கு வெளிநாட்டு வாங்குபவர்களின் ஆட்கள் சோதனைக்கு வந்தார்கள். முதல்நாளே பின்கதவைத் திறந்து, பெயின்ட் அடித்து, ‘அவசர வழி’ என்று பச்சைப் பலகை மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். மறுநாள் காலை பத்தரை மணிக்கு நிகத்தின் போன் அடித்தது. தனப்பிரியா. கிசுகிசுப்பாகப் பேசினாள். நிகத் ஸ்பீக்கரில் போட்டாள். கடையில் ஆதார் திருத்தம் செய்ய வந்த இரண்டு பேரும் எங்களோடு கேட்டார்கள்.

“வாட்ச்மேன் பூட்டை எடுத்துட்டு வந்தாருக்கா. சௌந்திரக்கா ஸ்டூலத் தூக்கிட்டுப் போயி கதவு நடுவுல போட்டு உக்கார்ந்துட்டாங்க.”

பின்னால் மேனேஜரின் குரல் கேட்டது. “எந்திரிச்சு எடத்துக்குப் போம்மா.”

“நானுங்க, கீரைக் குழுவுல தண்டுக்கீரை நாந்தானுங்க. என்னையும் அன்னிக்கே அனுப்பியிருக்கோணும். இப்ப அனுப்புங்க. ஆனா இந்தப் பூட்டைப் போடாதீங்க.”

பிறகு, “பசலை நானுங்க” என்றது மயிலம்மாளின் குரல். “அகத்தி நானு” என்று போனுக்கு வெகு அருகில் தனப்பிரியா கத்தினாள். அதற்குப் பிறகு யார் யாரோ. குழுவில் இல்லவே இல்லாத பெண்கள். “வெந்தயம் நானு.” “நானு மணத்தக்காளி.” “கொத்தமல்லிங்க.” யாரோ ஒருத்தி, “கொத்தமல்லி கீரையாடி?” என்று கேட்க, அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. என் கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நிகத் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மூன்று நாளில் சரக்கு கப்பலேறியாக வேண்டும். முதலாளி காரில் வந்தார். கதவோரம் வரிசையாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெண்களை வெகுநேரம் பார்த்தாராம். வாட்ச்மேன் கையிலிருந்த பூட்டை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். அன்று முதல் அந்தக் கதவு வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்கிறது. துண்டு ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை என்று தனப்பிரியா கேலி செய்கிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒன்பது பேரில் ஐந்து பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பாப்பாயி போனார். தீயில் கை வெந்த மாரியும் ஒன்பதில் ஒருத்தி, அவளைக் கூப்பிடவில்லை. வேறு கம்பெனிக்குப் போய்ப் பார்த்தாள், பழைய பட்டியல் அங்கே இன்னும் கிடக்கிறது, சேர்த்துக்கொள்ளவில்லை. அவளுக்காக இப்போது அந்தப் பெண்கள் வெளிப்படையாகவே மனு எழுதுகிறார்கள், சொந்தப் பெயரில், கதவு எண்ணோடு. சங்கம் பதிவு செய்யவும் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். நிகத்தையும் கம்பெனியில் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. எனக்காகவா, கதைக்காகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மதகுக் கூட்டம் அறுபத்திரண்டாம் அத்தியாயத்தில் முடிந்தது. ஆதிமல்லன் நல்லவனாக மாறவில்லை. மதகை ஊர்க்காரர்களிடம் முறைவைத்து விட்டுக்கொடுக்கிறான், வேறு வழியில்லாமல். சாகிற வரைக்கும் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். செம்பியோடு ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் பேசுவதில்லை. பிறகு வண்ணாத்தி ஒருநாள் அவள் வாசலில் நின்று, அடுப்புக்குக் கொஞ்சம் நெருப்பு இருக்குமா என்று கேட்கிறாள். அதை எழுதிய அன்று நிகத் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாள். இஜாஸ் ஊருக்கு வந்திருந்தார்.

போன மாதம் எருமப்பட்டி பக்கத்தில் முட்டைப் பண்ணைகளில் வேலை செய்கிற பெண்கள் கதையைப் படித்துவிட்டு நிகத்தை வந்து பேசச் சொன்னார்கள். அவள் மேடையில் பேசியதே கிடையாது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து ஏற்றிவிட நானும் போனேன். துணைக்கு வந்த சௌந்திரம் முன்னாலேயே ஏறி, ஜன்னலோர இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். கையில் ஒரு பொட்டலம் கைமுறுக்கு.

நிகத் ஏறி உட்கார்ந்து, எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தாள். “அக்கா, மொதல்ல என்ன சொல்லறதுன்னே தெரியலை. வயித்தைப் பிசையுது.”

“வெறும் வயித்துல வந்தா பிசையாம என்ன பண்ணும்? மொதல்ல இதைத் தின்னு” என்று சௌந்திரம் தாளை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, முறுக்கை அவள் கையில் திணித்தார். கண்டக்டர் விசில் அடித்தார். பேருந்து ராசிபுரம் சாலையில் திரும்பும் வரை ஜன்னலில் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே போனார்கள்.